மருத்துவர்களின் காதுக்கு வரும் பாடம்: அறிவு சேர்கிறது, சிகிச்சை மாறுகிறதா?

புதுடெல்லி: ரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப்போக்கு, நாள்பட்ட இருமல் போன்ற அன்றாட நோய்கள் குறித்து மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பாடம் சொல்லும் பாட்காஸ்ட் எனப்படும் வலையொலித் தொடர்கள் உலகெங்கும் பெருகி வருகின்றன. மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும் இரவுப் பணியின் இடைவேளையிலும் கேட்டு முடிக்கக்கூடிய இந்தப் பாடங்கள், கருத்தரங்குக்குச் செல்ல நேரமில்லாதவர்களுக்குக் கிடைத்த வகுப்பறையாகக் கருதப்படுகின்றன.

ஆனால், இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் நடைபெற்ற கள ஆய்வுகள் வேறொரு கேள்வியை எழுப்புகின்றன. சாதாரண நோய்களுக்குத் தவறான சிகிச்சை அளிக்கப்படுவதற்கு முதன்மைக் காரணம் அறியாமைதானா? சரியான சிகிச்சையை அறிந்தவரே அதைச் செய்யாமல் விடும்போது, இன்னொரு மணி நேரப் பாடம் எதை மாற்றும்? கல்விக்கான பாட்காஸ்டுகளின் பயனும் எல்லையும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே அமையும்.

ஒலிநாடாவில் தொடங்கிய வழக்கம்

பாட்காஸ்ட் என்ற சொல் 2004-ஆம் ஆண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால், மருத்துவர்கள் காதால் கேட்டுப் படிக்கும் வழக்கம் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. 1950-களில் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட 'ஆடியோ டைஜஸ்ட்' என்ற அமைப்பு, மருத்துவ இதழ்களில் வெளியான செய்திகளின் சுருக்கத்தையும் விரிவுரைகளையும் ஒலிநாடாவில் பதிவு செய்து மருத்துவர்களுக்கு அனுப்பியது. இதழ்கள் குவிகின்றன, படிக்க நேரமில்லை என்பதே அன்றைய மருத்துவர்களின் குறையாகவும் இருந்தது.

இன்று அந்த இடத்தில் பல நிகழ்ச்சிகள் உள்ளன. பொது மருத்துவர்கள் தங்கள் அறையில் நாள்தோறும் சந்திக்கும் சிக்கல்களை 'டீப் பிரெத் இன்' என்ற தொடரில் பிரிட்டனின் பி.எம்.ஜே. இதழ் பேசியது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழ், சிகிச்சை முறைகளைத் தொகுத்துரைக்கும் நிகழ்ச்சியை நடத்துகிறது. பொது மருத்துவர்களிடையே பெயர்பெற்ற 'தி கர்ப்சைடர்ஸ்' தொடரைக் கேட்டு, வினாக்களுக்கு விடையளிக்கும் மருத்துவர்களுக்கு, வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தொடர்கல்விக்கான மதிப்பீட்டுப் புள்ளியும் கிடைக்கிறது.

வேறு வேலை செய்துகொண்டே கேட்பதால் மனதில் பதியாது என்ற ஐயம் உண்டு. அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவின் பயிற்சி மருத்துவர்களிடம் இது சோதிக்கப்பட்டது. கார் ஓட்டியபடி கேட்டவர்களுக்கும், அமைதியாக அமர்ந்து கேட்டவர்களுக்கும் நினைவில் நின்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே, அறிவைக் கொண்டு சேர்க்கும் கருவி என்ற அளவில் ஒலி வடிவத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

சாதாரண நோய்கள், பெரிய எண்ணிக்கை

அரிய நோய்களைவிடச் சாதாரண நோய்களுக்கே இத்தகைய பாடங்கள் அதிகம் தேவைப்படுவது ஏன் என்பதற்கு இந்திய நிலவரமே சான்று. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் இணைந்து நாடு முழுவதும் 1.13 லட்சம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூன் மாதம் வெளியாகின. அதன்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. மேலும் 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர். வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளது.

உயர் ரத்த அழுத்தம் குறித்து உலக சுகாதார அமைப்பு 2023-இல் வெளியிட்ட முதல் உலகளாவிய அறிக்கை, 30 முதல் 79 வயது வரையிலான இந்தியர்களில் இந்நோய் உள்ளவர்களில் 37 சதவீதத்தினருக்கு மட்டுமே நோய் கண்டறியப்பட்டுள்ளது என்றும், 15 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் உள்ளது என்றும் கூறியது. மாத்திரை விலை குறைவு. அளக்கும் கருவி எளியது. சிகிச்சை முறையில் பெரிய கருத்து வேறுபாடும் இல்லை. இருந்தும் இந்த இடைவெளி நீடிக்கிறது.

இத்தகைய நோயாளிகளில் பெரும்பாலோர் முதலில் சந்திப்பது சிறப்பு மருத்துவரை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர், துணை மையத்தின் செவிலியர், வீடு தேடி வரும் ஆஷா பணியாளர், தெருமுனையில் உள்ள தனியார் மருத்துவர், சில வேளைகளில் மருந்துக் கடைக்காரர் ஆகியோரையே அவர்கள் நாடுகின்றனர். நகரத்து நட்சத்திர விடுதிகளில் நடைபெறும் கருத்தரங்குகள் இவர்களில் பலரை எட்டுவதில்லை. கைப்பேசி எட்டுகிறது.

பிகாரில் பிறந்த ஒலிப்பாடம்

இந்த உண்மையை இந்தியா முன்பே உணர்ந்து செயல்பட்டிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு பிகாரில் பி.பி.சி. மீடியா ஆக்‌ஷன் அமைப்பு 'மொபைல் அகாடமி' என்ற பெயரில் ஆஷா பணியாளர்களுக்கான ஒலிப்பாடத்தைத் தொடங்கியது. இணைய வசதியோ, ஸ்மார்ட்போனோ தேவையில்லை. சாதாரணக் கைப்பேசியில் ஓர் எண்ணை அழைத்தால், 'டாக்டர் அனிதா' என்ற கற்பனைப் பாத்திரத்தின் குரல் பாடம் நடத்தும். ஏறக்குறைய 240 நிமிடங்கள் கொண்ட இந்தப் பாடத்திட்டம் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, இடையிடையே வினாக்களும் வைக்கப்பட்டன. பாதியில் நிறுத்தினால், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடரலாம். தேர்ச்சி பெற்றவர்களுக்குச் சான்றிதழும் உண்டு.

2016 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் இதனைத் தேசியத் திட்டமாக அறிமுகப்படுத்தியது. கர்ப்பிணிகளுக்கும் இளம் தாய்மார்களுக்கும் வாரந்தோறும் குரல் செய்தி அனுப்பும் 'கில்காரி' திட்டமும் அப்போதே தொடங்கி வைக்கப்பட்டது. பாட்காஸ்ட் என்ற பெயர் சூட்டப்படாவிட்டாலும், சுகாதாரப் பணியாளர்களுக்கான ஒலிக்கல்வியில் இது முன்னோடி முயற்சி என்பதில் ஐயமில்லை.

மொபைல் அகாடமியின் பாடங்களில் மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, தடுப்பூசி, குடும்ப நலம் ஆகியவை இடம்பெற்றன. அதே அளவு முக்கியத்துவத்துடன், குடும்பத்தினரிடம் எப்படிப் பேசுவது என்பதும் கற்பிக்கப்பட்டது. மருத்துவமனைப் பிரசவத்தை மறுக்கும் மாமியாரிடமோ, தடுப்பூசிக்கு அஞ்சும் தந்தையிடமோ எதை, எந்த வரிசையில் சொல்வது என்பது ஆஷா பணியாளருக்கு மருத்துவத் தகவலுக்கு இணையான தேவை. மருத்துவர்களுக்காகத் தயாரிக்கப்படும் பாட்காஸ்டுகள் பலவற்றில் குறைவாகக் காணப்படுவது இந்தப் பகுதியே.

அறிதலுக்கும் செய்தலுக்கும் இடையே

மருத்துவர் அறிந்திருப்பதற்கும் நோயாளி முன் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அளக்க ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கையாள்கின்றனர். நோயாளிபோல் நடந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பி, என்ன கேட்கப்பட்டது, என்ன எழுதித் தரப்பட்டது என்பதைப் பதிவு செய்கின்றனர். டெல்லியில் காசநோய் குறித்து இவ்வாறு நடத்தப்பட்டு 2015-இல் 'லான்செட்' குழும இதழில் வெளியான ஆய்வில், 250 சந்திப்புகளில் 21 சதவீதத்தில் மட்டுமே சரியான அணுகுமுறை பின்பற்றப்பட்டது.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடைபெற்ற ஆய்வு இன்னும் நேரடியானது. முறையான மருத்துவப் பட்டம் இல்லாமல் கிராமங்களில் சிகிச்சை அளித்துவந்த 304 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்களில் பாதிப் பேருக்கு ஒன்பது மாதங்கள் வகுப்பு நடத்தப்பட்டது. 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்றவர்கள் நோயைச் சரியாகக் கையாளும் விகிதம் ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. ஆனால், தேவையற்ற மருந்துகளையும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளையும் எழுதித் தரும் பழக்கம் குறையவில்லை. கற்பித்தது மனதில் ஏறியது. மருந்து விற்பனையோடும் நோயாளியின் எதிர்பார்ப்போடும் பிணைந்த பழக்கம் அசையவில்லை.

மிகத் தெளிவான சான்று குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறித்தது. உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 4.4 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர். இதற்கு எளிய மருந்தான ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைக் கரைசலின் ஆற்றல் உலகுக்குத் தெரியவந்ததே இந்திய மண்ணில்தான். 1971-இல் வங்கதேசப் போரின்போது, பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. அங்கு மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தி, 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு விகிதத்தை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். அவருடைய மறைவுக்குப் பின் 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அரை நூற்றாண்டு கடந்தும் ஓ.ஆர்.எஸ். ஏன் போதிய அளவில் பரிந்துரைக்கப்படுவதில்லை? இதைக் கண்டறிய கர்நாடகத்திலும் பிகாரிலும் 253 நகரங்களில் 2,282 தனியார் சிகிச்சையாளர்களிடம் ஆய்வு நடத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வெளியாகின. இருப்பில் இல்லாதது 6 சதவீதமும், வேறு மருந்தை விற்றால் கிடைக்கும் லாபம் 5 சதவீதமும் காரணமாக இருந்தன. நோயாளிகள் ஓ.ஆர்.எஸ். கரைசலை விரும்பமாட்டார்கள் என்ற மருத்துவர்களின் எண்ணமோ 42 சதவீதக் குறைபாட்டுக்குக் காரணமாக இருந்தது. குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று வந்தவரே விருப்பம் தெரிவித்தபோது, அதைப் பரிந்துரைப்பது 27 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.

ஓ.ஆர்.எஸ். குறித்த ஒரு பாட்காஸ்ட் இச்சூழலில் என்ன சொல்ல வேண்டும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. கரைசலின் வேதியியலை மீண்டும் விளக்குவதால் பெரிய மாற்றம் வராது. "வெறும் பொட்டலமா தருகிறீர்கள்?" என்று தாய் கேட்பார் என நினைத்து ஆன்டிபயாட்டிக் எழுதும் மருத்துவருக்கு, அந்தத் தாயிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம் என்பதைச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு உடனே நிற்காது, உடல் வற்றிப்போவதைத்தான் இது தடுக்கும், 14 நாள் துத்தநாக மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் திரும்பி வர வேண்டும் என்பவற்றை இரண்டு நிமிடங்களில் எப்படி விளக்குவது என்பதை உரையாடலாக நடத்திக் காட்ட வேண்டும். இதற்கு ஒலியைவிடப் பொருத்தமான வடிவம் அரிது.

கேட்பது மட்டும் போதுமா?

மருத்துவப் பணியாளர்களுக்கான கல்விக் கூட்டங்கள் குறித்து நடந்த 215 ஆய்வுகளைத் தொகுத்து, 2021-இல் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தது. இத்தகைய கூட்டங்களால் சரியான சிகிச்சை நடைமுறை உயர்வது ஏறக்குறைய 7 சதவீதப் புள்ளிகள் என்பது அதன் முடிவு. நேரில் நடக்கும் கூட்டத்துக்கே இந்த அளவு என்றால், ஒருவழியாக ஒலிக்கும் பாட்காஸ்ட் தனித்து நின்று பெரிய மாற்றத்தை உண்டாக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதே வேளையில், லட்சக்கணக்கான மருத்துவர்களையும் பணியாளர்களையும் குறைந்த செலவில் எட்ட முடியுமானால், சிறிய உயர்வும் பெரிய எண்ணிக்கையிலான நோயாளிகளுக்குப் பயன்தரும் என்பதையும் மறுக்க முடியாது.

இருவழிக் கற்றலின் பயனை உணர்த்துவது 'எக்கோ' திட்டம். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் இதனைத் தொடங்கினார். தொலைதூரச் சிற்றூர்களில் உள்ள மருத்துவர்கள் வாரந்தோறும் காணொலி வழியாக இணைந்து, தங்கள் நோயாளிகளின் விவரங்களைச் சிறப்பு மருத்துவர்களுடன் விவாதிப்பர். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 407 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமடைந்தோர் 57.5 சதவீதமாகவும், இத்திட்டத்தின் வழியே சிற்றூர்களில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தோர் 58.2 சதவீதமாகவும் இருந்தனர். இதே முறை பின்னர் இந்தியாவுக்கும் வந்தது.

அங்கு மருத்துவர்கள் தங்கள் நோயாளியை முன்வைத்துப் பேசினர், தவறினால் திருத்தப்பட்டனர், அடுத்த வாரம் விளைவைச் சொல்ல வேண்டியிருந்தது. பாட்காஸ்டில் இவை மூன்றும் இல்லை. எனவே, பாட்காஸ்டை முழுப் பயிற்சியாகக் கொள்ளாமல், இத்தகைய விவாதத்துக்கு முந்தைய தயாரிப்பாகப் பயன்படுத்துவதே அறிவுடைமை. மாவட்ட அளவிலான மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு முன் அனைவரும் ஒரே 15 நிமிடப் பாடத்தைக் கேட்டுவிட்டு, கூட்டத்தில் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசுவது எளிய தொடக்கமாக அமையும்.

ஒலிக்கு ஏற்ற பாடமும் ஏற்காத பாடமும் உண்டு. தோல் நோயின் தன்மையையோ, இன்ஹேலர் பயன்படுத்தும் முறையையோ கண்ணால் பார்க்காமல் கற்பது கடினம். ரத்த அழுத்தத்தை அளக்கும் ஒழுங்கைச் சொல்லால் விளக்கிவிடலாம். நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் படிய வேண்டும். கருவியின் பட்டை சட்டையின் மேல் இல்லாமல் இதயத்தின் மட்டத்தில் கையில் சுற்றப்பட வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் இதில் எத்தனை சாத்தியம், சாத்தியமில்லாதபோது எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லும் பாடமே களத்துக்கு உதவும். 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம், எந்த மருந்தில் தொடங்கி எப்போது அடுத்ததைச் சேர்ப்பது என்பதை எளிய படிநிலைகளாக வகுத்திருப்பதால், அத்தகைய பாடத்துக்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது.

பணம் யாருடையது?

இலவசமாகக் கிடைக்கும் பாட்காஸ்டுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவை ஏற்பவர் யார் என்பது, சாதாரண நோய்களைப் பொறுத்தவரை கூர்ந்து கவனிக்க வேண்டியது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும் நோய்கள். மலிவான பழைய மருந்தும் விலை உயர்ந்த புதிய மருந்தும் ஒரே நோய்க்கு இருக்கும்போது, எதைப் பற்றி அதிகம் பேசுவது என்ற தெரிவே விளம்பரமாகிவிடக்கூடும். உடற்பயிற்சி, உப்புக் குறைப்பு ஆகியவற்றுக்கு விளம்பரதாரர் எளிதில் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் தொடர்கல்விக்கு அங்கீகாரம் அளிக்கும் அமைப்பு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில், கல்வி உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பதில் மருந்து நிறுவனங்களுக்கு இடமில்லை என்று கூறியுள்ளது. பாடம் நடத்துவோர் கடந்த 24 மாதங்களில் அத்தகைய நிறுவனங்களுடன் கொண்டிருந்த பணத் தொடர்பையும் தெரிவிக்க வேண்டும்.

இந்தியாவில் மருந்து நிறுவனங்களின் விற்பனை நடைமுறைகளுக்கான சீரான நெறிமுறையை மத்திய மருந்துத் துறை 2024 மார்ச் 12 அன்று வெளியிட்டது. மருத்துவர்களுக்குப் பரிசு வழங்குவதையும், வெளிநாட்டில் தொடர்கல்வி நிகழ்ச்சி நடத்துவதையும் அது தடை செய்கிறது. தொடர்கல்வி நிகழ்ச்சிகளுக்கான செலவை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்றும் கூறுகிறது. எனினும் பயணம், தங்குமிடம், விருந்து எனக் கண்ணுக்குத் தெரியும் செலவுகளை மனதில் கொண்டே இத்தகைய விதிகள் பெரிதும் எழுதப்படுகின்றன. காதில் ஒலிக்கும் பாடத்தின் தொடக்கத்தில், இதற்குப் பணம் தந்தவர் யார், பேசுபவருக்கு எந்த நிறுவனத்துடன் தொடர்பு உண்டு என்ற இரண்டு வரிகள் கட்டாயமாக்கப்பட்டால், கேட்பவர் எதை எவ்வளவு நம்புவது என்று தாமே முடிவு செய்ய முடியும்.

விதிகள் நிற்கும் இடம்

மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 30 மணி நேரம் தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும் என்பது, 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில் உள்ளது. டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களின் மருத்துவக் கவுன்சில்கள் பதிவைப் புதுப்பிக்க இதனை வலியுறுத்துகின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. மருத்துவர்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்ததால், அதே மாதத்திலேயே அவை நிறுத்தி வைக்கப்பட்டன. பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. மருந்து நிறுவன ஆதரவில் நடக்கும் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்பதற்கான கட்டுப்பாடும் அந்தப் புதிய விதிகளில் இடம்பெற்றிருந்தது.

மணிக்கணக்கை மட்டும் அளக்கும் முறை, அரங்கில் உறங்கியவருக்கும் கற்றவருக்கும் ஒரே புள்ளியை அளிக்கிறது. பாட்காஸ்டுக்கும் கேட்ட நேரத்தை வைத்தே புள்ளி என்றால், அதே குறை கைப்பேசிக்கு இடம் மாறும். பாடத்துக்குப் பின் வினா, சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு வினா, இயன்றால் தம் நோயாளிகளில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்ற கணக்கு ஆகியவற்றோடு இணைத்தால்தான் அந்தப் புள்ளிக்குப் பொருள் இருக்கும். நிரந்தரச் சம்பளமின்றி ஊக்கத்தொகை பெறும் ஆஷா பணியாளர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. வீட்டு வேலைக்கும் களப்பணிக்கும் இடையே அவர்கள் கேட்கும் நேரமும் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

மொழியும் பொறுப்பும்

புகழ்பெற்ற மருத்துவப் பாட்காஸ்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றில் பேசப்படும் காப்பீட்டு முறையும், பரிசோதனை வசதிகளும், மருந்துப் பெயர்களும் அந்தந்த நாட்டுக்கு உரியவை. இந்திய மருத்துவர் ஆங்கிலத்தில் கற்கலாம். நோயாளியிடம் இந்தியிலோ, வங்காளத்திலோ, தமிழிலோ, ஒடியாவிலோ பேசுகிறார். மத்தியப் பிரதேசம் 2022 அக்டோபரில் இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டபோது, கலைச்சொற்களை மொழிபெயர்ப்பதா, அப்படியே எழுதுவதா என்ற விவாதம் பெரிதாக எழுந்தது. பாட்காஸ்டில் அந்தச் சிக்கல் குறைவு. 'ஹைப்பர்டென்ஷன்' என்று கற்றவர் 'பிரஷர்' என்று வரும் நோயாளியிடம் எந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அங்கு பாடம்.

புதிய பொறுப்பு ஒன்றும் சேர்ந்துள்ளது. கூகுளின் 'நோட்புக்எல்எம்' செயலியில் 2024 செப்டம்பரில் அறிமுகமான வசதி, எந்த ஆவணத்தையும் இருவர் உரையாடும் நிகழ்ச்சியாகச் சில நிமிடங்களில் மாற்றித் தருகிறது. சிகிச்சை வழிகாட்டி நூலை ஒலியாக்குவது இதனால் எளிதாகியுள்ளது. ஆனால், மருந்தின் அளவில் நேரும் ஒரு பிழை அச்சிட்ட பக்கத்தில் கண்ணில் படுவதுபோல், இயல்பாக ஓடும் உரையாடலில் காதில் படுவதில்லை. யார் சரிபார்த்தார், எந்தத் தேதியில், எந்த வழிகாட்டியின்படி என்பது ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சொல்லப்பட வேண்டும். வழிகாட்டி மாறும்போது பழைய பதிவை நீக்குவதும் தயாரிப்பாளரின் கடமையே.

அடுத்து என்ன?

நாட்டில் 7.5 கோடி ரத்த அழுத்த, நீரிழிவு நோயாளிகளை 2025-க்குள் முறையான சிகிச்சைக்குள் கொண்டுவரும் இலக்கை மத்திய அரசு 2023 மே மாதம் அறிவித்தது. இத்தகைய இலக்குகள் மருத்துவக் கல்லூரிகளைவிடச் சுகாதார நிலையங்களின் பணியாளர்களையே நம்பியுள்ளன. அவர்களுக்கான ஒலிப்பாடங்களை உருவாக்கும் அனுபவம் மொபைல் அகாடமி வழியாகக் கிடைத்துள்ளது. மகப்பேற்றுக்கும் குழந்தை நலத்துக்கும் செய்ததை ரத்த அழுத்தம், நீரிழிவு, ஆன்டிபயாட்டிக் பயன்பாடு ஆகியவற்றுக்கும் விரிவுபடுத்துவதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. மருந்து இருப்பு, நோயாளிக்கு ஒதுக்கப்படும் நேரம், நிறுவனச் சார்பற்ற நிதி ஆகிய மூன்றும் உடன் வராவிட்டால், கேட்டவர்களின் எண்ணிக்கை மட்டுமே அறிக்கையில் உயரும்.

ஓ.ஆர்.எஸ். ஆய்வு பொதுமக்களுக்கும் ஒரு செய்தியை விட்டுச் சென்றுள்ளது. நோயாளி எதை விரும்புவார் என்ற ஊகத்தின் அடிப்படையில் மருத்துவர் மருந்து எழுதுகிறார் என்றால், அந்த ஊகத்தைத் திருத்தும் வாய்ப்பு நோயாளியிடமும் உள்ளது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையை அழைத்துச் செல்லும்போது ஓ.ஆர்.எஸ். தரலாமா என்று கேட்பதற்கும், சளிக்கு எழுதிய மருந்தில் ஆன்டிபயாட்டிக் உள்ளதா, அது அவசியமா என்று வினவுவதற்கும், ரத்த அழுத்தம் அளக்கும் முன் சற்று நேரம் அமர்ந்துகொள்வதற்கும் எந்தப் பட்டமும் தேவையில்லை.